"ஃபயர்வோல் போட்டிருக்கிறேன், சேர்": கிளவுட் சேர்வர் அமைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை, ஹட்டனில் என்னிடம் படிக்கும் தம்பி ஒருவன் தன் முதல் சேர்வரைக் காட்ட மடிக்கணினியோடு வந்தான். உபுந்து இயங்குதளம், மென்பொருளைக் கொண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டொக்கர், அதற்குள் போஸ்ட்கிரஸ் தரவுத்தளம். பார்வைக்கு எல்லாம் ஒழுங்கு. "வெளியாள் யாரும் தரவுத்தளத்தைத் தொட முடியாதா?" என்று கேட்டேன்.

"ஃபயர்வோல் போட்டிருக்கிறேன், சேர்."

என் கைபேசியில் வைஃபையை நிறுத்திவிட்டு, மொபைல் டேட்டாவில் அவனுடைய சேர்வர் முகவரியையும், போஸ்ட்கிரஸுக்கான கதவிலக்கமான 5432 என்ற போர்ட்டையும் கொடுத்தேன். கடவுச்சொல் கேட்டது. அந்தக் கேள்வியே வந்திருக்கக் கூடாது.

நீளமான கடவுச்சொல் வையுங்கள், அப்டேட் செய்யுங்கள் என்பவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லாருக்கும் தெரியும், செய்வதுதான் இல்லை.

டொக்கர் உங்கள் ஃபயர்வோலைக் கேட்பதில்லை

உபுந்துவில் யு.எஃப்.டபிள்யூ. என்ற ஃபயர்வோல் கருவி மூலம் நாம் போடும் விதிகள், சேர்வருக்கென்று வரும் தரவுப் பொதிகளைச் சோதிக்கும் வாசலில் நிற்கின்றன. டொக்கர் திறக்கும் போர்ட்டுக்கு வரும் பொதி அந்த வாசலுக்கு வருவதே இல்லை. அதற்கு முன்பே டொக்கர் எழுதிவைத்த விதி, பொதியின் முகவரியை மாற்றிக் கொண்டெய்னர் பக்கம் திருப்பிவிடுகிறது. காவற்காரர் முன் கேட்டில் உட்கார்ந்திருக்க, லொறி பின் ரோட்டால் போய்விடுகிறது. நிலவரத்தைக் கேட்டால், 22, 80, 443 மட்டுமே திறந்திருக்கின்றன என்று ஃபயர்வோல் கூசாமல் சொல்லும். எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். கவனமில்லாதவனைவிட, ஃபயர்வோல் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குபவனைத்தான் இது பிடிக்கிறது.

என்னையும் பிடித்தது. ஐந்தாறு வருடத்துக்கு முன், கொட்டகலைப் பக்கம் சிறுதோட்டக்காரர்களிடம் தேயிலைக் கொழுந்து வாங்கும் ஒருவருக்குக் கணக்கு எழுதும் மென்பொருள் செய்துகொடுத்தேன். யார் எத்தனை கிலோ கொடுத்தார், மழைநாளில் ஈரத்துக்கு எவ்வளவு கழித்தார்கள், மாத முடிவில் எவ்வளவு தர வேண்டும் என்பதெல்லாம் அதற்குள். வீட்டிலிருந்து தரவுத்தளத்தைப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று, டொக்கர் அமைப்பில் அந்தப் போர்ட்டை வெளியே திறந்துவிடும் 5432:5432 என்ற வரியை எழுதினேன். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஒரே சொல். ஃபயர்வோல்தான் இருக்கிறதே!

ஒரு காலை அட்டவணைகள் எதுவும் இல்லை. புதிதாக ஒரே ஓர் அட்டவணை, அதில் சில வரி ஆங்கிலம்: தரவு எங்களிடம் இருக்கிறது, பிட்கொயின் அனுப்பு. இப்படி எழுதிவைப்பவர்கள் பெரும்பாலும் எந்தப் பிரதியும் எடுத்து வைப்பதில்லை, அழிப்பதோடு சரி. நான் பணம் அனுப்பவில்லை. கையில் இருந்தது பென் டிரைவில் மூன்று வாரப் பழைய பிரதி.

மிச்ச மூன்று வாரத்தை நிறுவைத் துண்டுகளின் கார்பன் பிரதிகளிலிருந்து மீட்டோம். அக்கா வாசிக்க நான் தட்டினேன். மழையில் ஊறிக் காய்ந்த தாள்கள். 1ஆ 7ஆ என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டியிருந்தது. சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் கொழுந்து கொடுத்தவருக்குச் சாதகமாகப் பெரிய எண்ணையே போட்டோம். அந்த வித்தியாசம் என் கூலியில் கழிந்தது.

செய்ய வேண்டியது சின்ன வேலை. 5432:5432 என்பதை 127.0.0.1:5432:5432 என்று மாற்றினால் அந்தப் போர்ட் சேர்வருக்கு உள்ளே மட்டுமே கேட்கும். அதைவிட நல்லது, அந்த வரியையே அழிப்பது. ஒரே டொக்கர் வலையமைப்பில் இருக்கும் உங்கள் மென்பொருள், தரவுத்தளத்தைப் பெயர் சொல்லியே கூப்பிட்டுக்கொள்ளும். வீட்டிலிருந்து பார்க்க, சேர்வருக்குள் நுழைய நாம் பயன்படுத்தும் எஸ்.எஸ்.எச். என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக ஒரு சுரங்கம் போட்டால் போதும். இவற்றுக்கு மேல், கிளவுட் நிறுவனம் தன் கட்டுப்பாட்டுப் பலகையில் தரும் ஃபயர்வோலையும் போடுங்கள். அது இயந்திரத்துக்கு வெளியே நிற்பதால் டொக்கரின் கை அங்கே எட்டாது. பிறகு வெளியிலிருந்து தட்டிப் பாருங்கள். சேர்வருக்குள் உட்கார்ந்துகொண்டு செய்யும் சோதனை சோதனையே அல்ல.

22ஐ அனுமதிக்காமல் ஃபயர்வோலை இயக்குவது

எஸ்.எஸ்.எச். உள்ளே வரும் போர்ட் அதுதான். வெளியே நின்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

கரண்ட் போகும் ஊரில் நேரடியாக அப்டேட் ஓட்டுவது

2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். இப்போது நிலைமை அப்படியில்லை. ஆனாலும் பெருமழைக்கு மரம் விழுந்தால் லைன் போகிறது, கோபுரத்தின் பட்டரி தீர்ந்தால் சிக்னலும் போகிறது. சிங்கப்பூரில் இருக்கும் சேர்வருக்கு எந்தக் குறையும் இல்லை. அறுந்தது உங்கள் இணைப்பு. ஆனால் அந்த இணைப்பில் ஓடிக்கொண்டிருந்த வேலையும் அதோடு சேர்ந்து சாகும், பாதி நிறுவிய மென்பொருளோடு. உள்ளே போனதும் முதலில், இணைப்பைச் சாராமல் சேர்வரிலேயே வேலையை ஓடவைக்கும் டிமக்ஸ் என்ற கருவியைத் திறந்து, அதற்குள் வேலையைத் தொடங்குங்கள். இணைப்பு அறுந்தாலும் வேலை ஓடும். பிறகு வந்து விட்ட இடத்தில் சேர்ந்துகொள்ளலாம்.

நிறுத்திவைத்தால் பில் வராது என்று நம்புவது

வரும். இயந்திரத்தை நிறுத்தினாலும் வட்டுக்கு வாடகை உண்டு. அமேசானின் கிளவுட்டில் 2024 பெப்ரவரியிலிருந்து பொது ஐ.பி.வி.4 முகவரி (இணையத்தில் சேர்வரைக் கண்டுபிடிக்கும் எண்) ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 டொலர், ஒதுக்கிவைத்துப் பயன்படுத்தாமல் விட்டதற்கும் அதே கட்டணம். மாதம் மூன்றரை டொலருக்குக் கொஞ்சம் மேல். டொலரில் சின்னதாகத்தான் தெரியும்.

நேரம்

சேர்வர் வழக்கமாக யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நம் காலை 5.30க்குத்தான் அதற்கு நாள் மாறும்.

பேக்கப்பைத் திறந்தே பார்க்காதது

அந்தப் பென் டிரைவ் பிரதி உடனே ஏறவில்லை. சேர்வரில் இருந்த போஸ்ட்கிரஸ் புதியது, வீட்டுக் கணினியில் இருந்தது பழையது. கோப்பின் வடிவம் தெரியவில்லை என்று பழையது கையை விரித்தது. புதிய பதிப்பைத் தரவிறக்க வேண்டும். அன்று டேட்டா தீர்ந்திருந்தது, ரீலோட் போடும் கடை விடிந்த பிறகுதான் திறந்தது.