டாப்லாஸ் கிரீக் போனால் முதலில் காலடியைப் பாருங்கள்

கலிஃபோர்னியாவின் சான் ஹொசேயில் இருந்து 101 நெடுஞ்சாலையில் தெற்கே மூன்று மணி நேரம். பாசோ ரோபிள்ஸில் இறங்கி, மேற்கே அடிலெய்டா சாலையில் வளைந்து வளைந்து ஏறினால் டாப்லாஸ் கிரீக் திராட்சைத் தோட்டம். ஊரிலிருந்து வருகிறவர்கள் "ஒயின் தோட்டம் பார்க்கணும்" என்றால் நான் கூட்டிப்போவது இங்கேதான். என் அம்மாச்சி வீடு கம்பம் பக்கம். திராட்சைப் பந்தலுக்குக் கீழே ஓடி விளையாடியவள் என்பதால், கோப்பைக்கு முன்னால் கொடிமேல்தான் எனக்குக் கண் போகும்.

பலர் அறுவடையைப் பார்க்க செப்டம்பரில் போகிறார்கள். நான் பிப்ரவரி, மார்ச் என்பேன். அப்போது கொடி தூங்கும். வரிசைகளுக்கு நடுவே பசுந்தாள் முழங்கால் உயரம் நிற்க, அதில் ஆடுகள் மேயும். 200-க்கும் மேல் இருக்கும். புல்லைத் தின்று, அங்கேயே புழுக்கை போட்டு, குளம்பால் மிதித்துவிடும். தளிர் விட்டதும் பொதுவாக ஆடுகளை வெளியே ஓட்டிவிடுவார்கள். இல்லாவிட்டால் தளிர் மிஞ்சாது. அம்மாச்சி காட்டில் கிடை போட கீதாரியைத் தேடி அலைவார்கள். இங்கே ஆடும் சொந்தம், கிடையும் சொந்தம்.

சுவைக்க மட்டும் இடம் பிடிக்காதீர்கள். தோட்டத்தைச் சுற்றிக்காட்டச் சொல்லி முன்பதிவு செய்யுங்கள். நடக்கும்போது மண்ணைக் கிளறிப் பாருங்கள், வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கல் வரும். அது குளிர்கால மழையைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அதனால்தான் சில பகுதிகளில் கொடிகளைத் தள்ளித் தள்ளி நட்டு, பாசனமே இல்லாமல் மானாவாரியாக வளர்க்கிறார்கள். பந்தல் கிடையாது, கம்பி கிடையாது. ஒவ்வொரு கொடியும் ஒரு குட்டிச் செடிபோலத் தனியாக நிற்கும். 'ஆன் கோப்லே' என்ற பெயரில் அந்தக் கொடிகளின் பழத்தில் தனி ஒயினே போடுகிறார்கள்.

'நிலைத்த வேளாண்மை' என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். எந்தச் சான்று, எந்த ஆண்டு என்று கேளுங்கள். இங்கே பதில் உண்டு: 2003-இல் இயற்கை வேளாண் சான்று, 2017-இல் பயோடைனமிக், 2020-இல் மண்ணை மீட்டெடுக்கும் இயற்கை வேளாண்மைக்கான (Regenerative Organic) சான்று. பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்துப் புதைக்கும் பயோடைனமிக் சங்கதியில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. கடைசிச் சான்றுதான் முக்கியம். மண்ணோடு கால்நடையையும் கூலியாட்களையும் சேர்த்துப் பார்ப்பது அது.

ஒன்று சொல்லியாக வேண்டும். இங்கே கோடையில் மழையே கிடையாது, பூஞ்சைத் தொல்லை குறைவு. இதை அப்படியே கம்பத்தில் செய்தால் அடிச்சாம்பல் நோய் தோட்டத்தையே தின்றுவிடும். மயில்துத்தம் தெளித்துத் தெளித்து என் மாமா சட்டையெல்லாம் நீலமாக இருந்தது சும்மா இல்லை.

சரி, ஒயினுக்கு வருவோம். 1989-இல் இதைத் தொடங்கியவர்கள் பிரான்சில் பொகாஸ்டல் தோட்டத்துப் பெரன் குடும்பமும், அமெரிக்காவில் ஒயின் இறக்குமதி செய்த ராபர்ட் ஹாஸும். பொகாஸ்டலில் இருந்தே கொடித்தண்டுகளைக் கொண்டுவந்து, நோய் இல்லை என்று உறுதியாக மூன்று ஆண்டு தனிமைப்படுத்தி வைத்து, அப்புறம்தான் பெருக்கி நட்டார்கள். அதனால் இங்கே வளர்வது அந்தத் தோட்டத்து ரகங்கள்தான்; கலிஃபோர்னியாவில் பிரபலமான கேபர்னே திராட்சையைத் தேடி அலையாதீர்கள். வெள்ளைத் திராட்சையில் ரூசான், சிவப்பில் மூர்வெத்ர். இந்த இரண்டைப் பிடித்துக்கொண்டால் போதும்.

ரூசானை முதன்மையாக வைத்துக் கலந்த வெள்ளை 'எஸ்பிரி'யை முதலில் கேளுங்கள். சில்லென்று இருந்தால் உள்ளங்கையில் கோப்பையைப் பத்து நிமிடம் வைத்திருங்கள். பிறகுதான் தேன் மணம் வரும். மூர்வெத்ர் முதன்மையான சிவப்பு 'எஸ்பிரி' ஊற்றியதும் முகம் கொடுக்காது. சுழற்றுங்கள், காத்திருங்கள். கறியும் கரும்பழமும் கலந்த வாசனை மெல்ல எழும். வாயில் சுற்றி, துப்பும் பாத்திரத்தில் துப்பிவிடுங்கள், வெட்கப்படாதீர்கள். முதல் தடவை நான் ஒரே நாளில் மூன்று தோட்டம் ஏறி எல்லாவற்றையும் விழுங்கினேன். மூன்றாவது இடத்தில் என்ன குடித்தேன் என்று இன்றுவரை தெரியாது. வண்டி ஓட்டுபவர் குடிக்கவே வேண்டாம், அந்த வளைவுகள் அப்படி.

வீட்டுக்கு வாங்குவதென்றால், மிளகு போட்ட கறிக்கு மூர்வெத்ர் பொருந்தும். மிளகாய்க் காரத்துக்கு வேண்டாம், சாராயச் சத்து நாக்கை இன்னும் எரிக்கும்; அதற்கு இவர்களின் 'பட்லான்' ரோஸேயை, அதாவது இளஞ்சிவப்பு ஒயினை, குளிர வைத்துக் குடியுங்கள். 2022-இல் அதை 3 லிட்டர் அட்டைப்பெட்டியில் விற்கத் தொடங்கினார்கள், நான்கு பாட்டில் அளவு. பெட்டி என்றதும் என் கணவர் முகம் சுளித்தார். ஒயினின் கரிமச் சுமையில் பெரும்பங்கு கண்ணாடி பாட்டிலால்தான் என்று சொல்லிப் பார்த்தேன், மசியவில்லை. திறந்த பெட்டி குளிர்பெட்டியில் மூன்று வாரம் கெடாமல் இருந்ததைப் பார்த்த பிறகு, இப்போது அவரே பெட்டி இருக்கிறதா என்று கேட்கிறார்.