புல்காரி எப்படி போட்டுக்கறது? (தயவுசெஞ்சு மடிப்பு வைக்காதீங்க)

பஞ்சாப்ல இருக்கற பாட்டியாலாவுக்கு வந்த புதுசுல, ஆசையா வாங்கின புல்காரி (இந்த ஊர் கை எம்பிராய்டரி) துப்பட்டாவ நம்ம ஊர் பழக்கத்துல நாலு விரல் அகலத்துக்கு மடிப்பு வச்சு, தோள்ல பின் குத்திட்டு ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒண்ணுமே சொல்லல, பின்ன கழட்டி, மடிப்ப உதறி, தலை மேல விரிச்சு விட்டுட்டு "இப்ப சரி, புத்தர்"னாங்க. (புத்தர்னா பஞ்சாபில புள்ளன்னு அர்த்தம், எனக்கும் முதல்ல போதி மரம்தான் ஞாபகம் வந்துச்சு.)

ஏன் மடிக்கக் கூடாதுங்கறது அப்புறம்தான் புரிஞ்சது. புல்காரின்னா பூவேலை. கைத்தறி கதர் துணியோட பின்பக்கத்துல இருந்து, இழைய எண்ணி எண்ணி, முறுக்கு இல்லாத பட்டு நூல்ல தைக்கறாங்க, அந்த நூலுக்கு 'பட்'னு பேரு. ஒரே கலர் நூலதான் ஒரு இடத்துல குறுக்கால, ஒரு இடத்துல நெடுக்கால ஓட்டுவாங்க, வெளிச்சம் பட்டா ரெண்டு ஷேடா தெரியும். அந்த வித்தையே விரிச்சுப் போட்டாதான் கண்ணுல படும், மடிச்சீங்கன்னா அவ்வளவு வேலையும் உள்ள போயிடும்.

வாங்கும்போது திருப்பிப் பாருங்க. கைவேலைன்னா பின்பக்கம் பொடிப்பொடியா புள்ளி, கோடு மட்டும்தான் இருக்கும், பட்டு முழுக்க முன்னாடிதான். பின்னாடியும் அடர்த்தியா இன்னொரு நூல் ஓடியிருந்தா அது மெஷின் வேலை. தப்பில்ல, ஆனா கைவேலை விலை கொடுத்துடாதீங்க. சோப் (chope)னு ஒரு வகை மட்டும் விதிவிலக்கு, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், கல்யாணப் பொண்ணுக்கு அம்மா வழிப் பாட்டி தைச்சுக் கொடுக்கறது. துணியே தெரியாம முழுக்க தைச்சிருந்தா அதுக்கு பேரு பாக், அதாவது தோட்டம். பூவெல்லாம் ஒரே கலர்ல இருக்கறப்ப மூலைல ஒண்ணு மட்டும் வேற கலர்ல இருந்தா டேமேஜ்னு திருப்பிக் கொடுத்துடாதீங்க, திருஷ்டிக்காக வேணும்னே அப்படி விடுவாங்க.

உள்ள பிளெயின் சல்வார் சூட் போதும். பிரிண்ட் போட்ட குர்த்தி மேல புல்காரி போட்டா ரெண்டும் சண்டை போடும்.

தலையில போடறது. குருத்வாராவுக்கு (சீக்கியர் கோயில்) போனா தலைய மூடியே ஆகணும், அதனால இத முதல்ல பழகுங்க. நீளவாக்குல நடுப்பகுதிய கண்டுபிடிச்சு, முன்நெற்றி முடி ரெண்டு விரல் தெரியற மாதிரி உச்சியில வைங்க. இடது முனைய நேரா முன்னாடி தொங்க விடுங்க, வலது முனைய நெஞ்சு மேல குறுக்கால கொண்டு வந்து இடது தோளுக்குப் பின்னாடி தள்ளுங்க. கதர்னா அப்படியே நிக்கும். இப்ப கடையில நிறைய ஜார்ஜெட், ஷிஃபான்லதான் வருது, அது வழுக்கிக்கிட்டே இருக்கும், உள்பக்கமா முடியோட சேர்த்து ஒரு கிளிப் போட்டுக்கோங்க.

புக்கல். எனக்கு ரொம்ப பிடிச்சது இதுதான். பனிக்காலத்துல, பாட்டியாலாவுல மூடுபனி இறங்கற டிசம்பர் ஜனவரில, சால்வைய இப்படித்தான் சுத்திக்கறாங்க. முதுகுப் பக்கமா ரெண்டு தோளுக்கும் கொண்டு வாங்க, இடது பக்கம் இடுப்பு வரைக்கும் மட்டும், வலது பக்கம் நல்ல நீளமா. அந்த நீளமான பக்கத்த கழுத்துக்குக் கீழ சுத்தி இடது தோள் மேல ஒரே வீச்சு. முனை முதுகுல விழணும், அங்கதான் பெரும்பாலும் அடர்த்தியான வேலை இருக்கும். முதல் பத்து தடவ சரிஞ்சு சரிஞ்சு விழும், எனக்கும் விழுந்துச்சு, வீசும்போது தயங்கினாதான் அப்படி.

பின் குத்தியே ஆகணும்னா ரெண்டு பூவுக்கு நடுவுல இருக்கற வெறும் துணியில குத்துங்க. பாக்ல வெறும் துணியே இருக்காது, அதனால பின்னே வேண்டாம். முறுக்காத நூலுங்கறதால வளையல், ஜிமிக்கி, ஹேண்ட்பேக் ஜிப் எதுல வேணா மாட்டும். மாட்டிச்சுன்னா கத்தரிக்கோல எடுக்காதீங்க, ஒரு ஊசிய வச்சு அந்த இழைய மெதுவா பின்பக்கத்துக்கு இழுத்து விடுங்க. வீட்டுல தண்ணில போடவே போடாதீங்க, சாயம் இறங்கிட்டா பக்கத்து கலர்லயும் ஏறிடும், டிரை கிளீனிங்தான். ஹேங்கர்லயும் வேண்டாம், பழைய காட்டன் வேட்டிய உள்ள வச்சு பாய் மாதிரி சுருட்டி பீரோல போட்டுடுங்க.