நாகையும் நாகூரும்: ஒரு நாள் பயணத்துக்கு ஒரு வழித்துணை

நாகப்பட்டினம் வருகிற பலர் சிக்கல், நாகூர், வேளாங்கண்ணி ஆகிய மூன்று ஊர்களையும் ஒரே வண்டியில் அரை நாளில் முடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நேர்த்திக்கடன் செலுத்த அது போதும். ஆனால் சைவரும் வைணவரும் பௌத்தரும் முஸ்லிம்களும் கிறித்தவரும் ஒரே துறைமுகத்தை நம்பி வாழ்ந்த ஊரை அறிந்துகொள்ள அது போதாது. ஆகவே வேளாங்கண்ணியை வேறொரு நாளுக்கு வைத்துக்கொண்டு, நாகை, நாகூர் ஆகிய இரண்டு ஊர்களுக்கு மட்டும் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழாக் கூட்டம் நாகையையும் நிறைத்துவிடும் என்பதால், நிதானமாகச் சுற்ற விரும்புவோர் அந்த நாள்களைத் தவிர்க்கலாம்.

தஞ்சாவூரிலிருந்தோ திருவாரூரிலிருந்தோ காலை ரயிலில் வந்து நாகப்பட்டினத்தில் இறங்குங்கள். இந்த ஊரில் எதை முதலில் பார்ப்பது என்பதைத் தீர்மானிப்பது கோயில் நடைதான். நண்பகலில் சாத்தினால் மாலை நான்கு மணியளவில்தான் மீண்டும் திறப்பார்கள். எனவே காலையில் கோயில்கள், வெயில் ஏறியபின் டச்சுக்காலத்து ஊர், மாலையில் நாகூர் என்ற வரிசையே ஏற்றது.

முதலில் காயாரோகணசுவாமி கோயிலுக்குச் செல்லுங்கள். தேவாரம் பாடிய மூவரும் பாடிய தலம் இது. சிவன் தியாகராசராக எழுந்தருளியிருக்கும் ஏழு தலங்களான சப்தவிடங்கத் தலங்களில் ஒன்றும்கூட. காசி விசாலாட்சி, காஞ்சி காமாட்சி, மதுரை மீனாட்சி என்ற வரிசையில் நாகை நீலாயதாட்சியையும் சேர்த்துச் சொல்வது நம் பக்கத்து வழக்கம். இக்கோயிலைக் கடலோரத்து மக்களோடு பிணைப்பவர் அதிபத்த நாயனார். வலையில் விழும் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலில் விட்டுவந்த அந்தப் பரதவர், ஒருநாள் பொன்மீன் ஒன்றே அகப்பட்டபோதும் அதையும் விட்டுவிட்டார் என்பது வரலாறு. ஆவணி மாதத்தில் மீனவர்கள் அந்நிகழ்ச்சியைக் கடலிலேயே விழாவாக நடத்துகிறார்கள். அந்த நாளில் வர முடிந்தால் வேறெதையும் தள்ளிவைத்துவிட்டு வரலாம். அங்கிருந்து, திருமங்கையாழ்வார் பாடிப் போற்றிய (மங்களாசாசனம் செய்த) சௌந்தரராஜப் பெருமாள் கோயிலை நடை சாத்துவதற்குள் பார்த்துவிடுங்கள்.

அடுத்து நீங்கள் தேட வேண்டியது, இன்று இல்லாத ஒன்று. சுமத்ராத் தீவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜய நாட்டு மன்னர் இங்கே எழுப்பிய சூடாமணி விகாரை என்னும் பௌத்தப் பள்ளிக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக அளித்ததை லெய்டன் செப்பேடுகள் என அறியப்படும் பெரிய செப்பேட்டுத் தொகுதி கூறுகிறது. சிவனடியாரான சோழர் கடல் கடந்த அரசரின் பௌத்தப் பள்ளிக்கு நிலம் கொடுத்த இச்செய்தியை மனத்தில் கொண்டால், இந்த ஊர் எப்படிப்பட்டது என்பது விளங்கும். பௌத்தக் கட்டடமாகக் கருதப்படும் புதுவெளிக் கோபுரம் 1867-இல் இடிக்கப்பட்டது. பழமையான சின்னம் ஒன்றை அப்படி இழந்தது பெரும் வருத்தத்துக்குரியது. இங்கே மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த புத்தர் படிமங்கள் பல எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. சென்னையிலிருந்து வருவோர் முன்கூட்டியே அவற்றைப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

டச்சுக்காரர்கள் 1658-இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து நாகையைப் பிடித்து, 1781-இல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். அவர்கள் விட்டுச்சென்ற தூய பேதுரு ஆலயத்தை வெளியிலிருந்தாவது பாருங்கள். உள்ளே செல்ல வேண்டுமானால் ஆலயப் பொறுப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மதிய உணவுக்குப் பின் நகரப் பேருந்தில் நாகூர் போய்ச் சேரலாம். வெள்ளிக்கிழமையானால் ஜும்ஆ தொழுகை முடிந்தபின் செல்வதே முறை. சூஃபி ஞானி ஷாகுல் ஹமீது ஆண்டகை அடங்கியிருக்கும் தர்காவின் ஐந்து மினாராக்களில் மிக உயரமானதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். செருப்பை வெளியே விட்டுத் தலையை மூடிக்கொண்டு உள்ளே செல்லுங்கள். எதுவரை செல்லலாம், எங்கே படம் எடுக்கலாம் என்பதை அங்குள்ளவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வழிபட வருவோரில் இந்துக்கள் ஏராளம் என்பதால், உங்களை யாரும் வேற்றாளாகப் பார்க்க மாட்டார்கள்.

வாசல் கடைகளில் விற்கும் காணிக்கைத் தகடுகளைச் சற்று நின்று பாருங்கள். உள்ளங்கையளவு மெல்லிய தகட்டில் கண், கால், வீடு, படகு என்று ஒவ்வொன்றாகப் புடைத்திருக்கும். நோய் எதுவோ, குறை எதுவோ, அதற்குரிய தகட்டை வாங்கிச் செலுத்துகிறார்கள். இதே காணிக்கையை வைத்தீசுவரன் கோயிலிலும் வேளாங்கண்ணியிலும் காணலாம். டெல்டா மக்கள் தங்கள் குறையை எந்தச் சந்நிதியில் வைத்தாலும் ஒரே விதமாகவே முறையிடுகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். அடுத்து ஷிஃபா குண்டா எனப்படும் குளத்துப் படித்துறையையும் பார்த்துவிட்டு, இறாலும் வெங்காயமும் சேர்த்துப் பொரித்த நாகூர் வாடாவைச் சூடாக வாங்கிச் சாப்பிடுங்கள்.

ஆண்டகையின் நினைவாக ஆண்டுதோறும் தர்காவில் நடக்கும் கந்தூரி விழாவைக் காண விரும்பினால் ஹிஜ்ரி நாள்காட்டியில் ஜமாதுல் ஆகிர் மாதம் எப்போது பிறக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆங்கில நாள்காட்டியில் அது ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள்கள் முன்னால் வரும். சந்தனக்கூடு ஊர்வலம் நாகையில் புறப்பட்டு இரவில் நாகூர் சேர்வதால், அன்று மட்டும் தங்குமிடத்துக்கு முன்பே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். மற்ற நாள்களில் நாகூர் நிலையத்திலேயே ரயில் ஏறித் திரும்பிவிடலாம். மாலை ரயிலின் நேரத்தைக் காலையில் இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.