டியூப் டிவியில் கோடும் புள்ளியுமாகப் படம் வந்தால் எங்கே தேடுவது?

தேவனாம்பட்டினம், குருசுக்குப்பம் மாதிரி கடலை ஒட்டிய பகுதிகளில் பழைய டியூப் டிவியில் படம் கலங்கினால், "டியூப் போயிடுச்சு" என்று காயலான் கடைக்குப் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். பிக்சர் டியூப் தேய்ந்தால் படம் மங்கும், கலர் வெளிறும். கோடும் புள்ளியும் பெரும்பாலும் வேறு இடத்துக் கோளாறு.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன்: பின் மூடியைத் திறக்காதீர்கள். கலர் டிவிக்குள் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் மின்சாரம் தங்கியிருக்கும். கீழே உள்ளதெல்லாம் வெளியே நின்றபடியே செய்யக்கூடியவை.

முதல் படி, கோளாறு உள்ளேயா வெளியேயா என்று பார்ப்பது. டிவி ஓடும்போதே, கேபிள் முனையின் பிளாஸ்டிக் பகுதியைப் பிடித்து சிக்னல் கேபிளைக் கழற்றுங்கள். உலோகத்தைத் தொட வேண்டாம், சில பழைய செட்களில் ஷாக் அடிக்கும். கழற்றியதும் புள்ளிமழையோ நீலத்திரையோ வருவது இயல்பு. அதன் மேலும் பட்டையோ கலர் திட்டோ தெரிந்தால் கோளாறு உள்ளே. மறைந்துவிட்டால் கேபிள், செட்டாப் பாக்ஸ் பக்கம் போங்கள். மொட்டைமாடி ஆன்டெனாவில் வெறும் புள்ளிதான் வருகிறதா? தூர்தர்ஷன், இந்த டிவிகள் பிடிக்கும் பழைய முறையான அனலாக் ஒளிபரப்பை அநேகமாக எல்லா ஊரிலும் நிறுத்திவிட்டது. டிவி மேல் குற்றமில்லை.

அடுத்து கேபிள் முனை. நம் ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். டிவியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபிளின் மறுமுனையையும் கழற்றிவிட்டுப் பாருங்கள். நடுவில் இருக்கும் செப்புக் கம்பி பச்சை பிடித்திருக்கும், சுற்றியுள்ள வலை கறுத்துப் பொடியாக உதிரும். உப்புக்காற்றின் வேலை. சுரண்டினால் ரொம்ப நாள் தாங்காது. பளபளக்கும் செம்பு தெரியும் வரை வெட்டி, புது கனெக்டர் போடுங்கள். வலையின் ஒரு மெல்லிய இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் படம் போய்விடும். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

கேபிள் சரி, ஆனாலும் கோடு வருகிறதா? வீட்டில் உள்ளதை ஒவ்வொன்றாக அணையுங்கள். மிக்ஸி ஓடும்போது மட்டும் குறுக்கே புள்ளி வரிசை ஓடினால் அதன் மோட்டார் பிரஷ்ஷில் பொறி பறக்கிறது. மீன்முள் மாதிரி சாய்ந்த நெளிகோடுகள் தெரிந்தால் மலிவான போன் சார்ஜரையும் எல்இடி பல்பையும் அணைத்துப் பாருங்கள்.

அகலமான கருநிறப் பட்டை மெதுவாக மேலேயோ கீழேயோ நகர்ந்தால் எத்தனை பட்டை என்று எண்ணுங்கள். நம் மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ், திரையில் படம் வரையப்படுவதும் நொடிக்கு 50 முறை. அதனால்தான் மின்சாரத்தின் இரைச்சல் அசையாத, அல்லது மெல்ல ஊரும் பட்டையாகத் தெரிகிறது. இரண்டு பட்டை என்றால் 100 ஹெர்ட்ஸ். பெரும்பாலும் பவர் சப்ளையின் ஃபில்டர் கண்டென்சர் வற்றியிருக்கும். ஒரே பட்டை, கேபிளைக் கழற்றியதும் போய்விடுகிறது என்றால் எர்த் கோளாறு கேபிள் வழியாக வருகிறது. மெக்கானிக்கிடம் "பட்டை எத்தனை, கேபிளைக் கழற்றினால் போகிறதா" என்று சொல்லிவிட்டால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

மூலையில் பச்சை, ஊதா திட்டு என்றால் பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கரை நகர்த்துங்கள். பிறகு ரிமோட்டில் அல்ல, மெயின் ஸ்விட்சிலேயே அணைத்து அரைமணி நேரம் விட்டுப் போடுங்கள். ஆறிய பிறகு போடும்போதுதான் உள்ளே இருக்கும் சுருள், ஸ்பீக்கரால் டியூபில் ஏறிய காந்தத்தை நீக்கும். சில தடவை செய்தும் திட்டு மறையவில்லை என்றால் மெக்கானிக் கையில் பிடிக்கும் காந்தநீக்கச் சுருளால் எடுத்துவிடுவார்.

கடைசியாக, மழைக்காலத்தில் டிவியைப் போட்டதும் "ஸ்ஸ்" என்ற சத்தம், வெள்ளைப் பொறிக்கோடுகள், ஒருவிதக் காரமான வாடை மூன்றும் சேர்ந்து வந்தால் உடனே அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். உள்ளே உயர் மின்னழுத்தம் ஈரத்திலும் உப்புத் தூசியிலும் கசிகிறது. மெக்கானிக் வந்து டியூபில் தங்கிய மின்சாரத்தை வெளியேற்றி (டிஸ்சார்ஜ்), உயர் மின்னழுத்த வயர் டியூபில் சேரும் இடத்து ரப்பர் மூடியான ஆனோட் கேப்பைத் துடைத்துக் காயவைக்கும் வரை போடவே வேண்டாம்.