திருத்தம் வெளிவரும்வரை சேவையகத்தைப் பாதுகாத்தல்

மென்பொருளொன்றில் பாதுகாப்புக் குறைபாடு இருப்பது வெளியே தெரிந்த நாளுக்கும் அதற்கான திருத்தம் கைக்கு வரும் நாளுக்கும் இடையில் சில வேளைகளில் வாரக்கணக்கான இடைவெளி விழுந்துவிடுகிறது. 2022 செப்டெம்பர் இறுதியில் மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் மின்னஞ்சல் சேவையகத்தின் இரண்டு குறைபாடுகள் வெளிப்பட்டபோது, அவற்றைத் தாக்குபவர்கள் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். திருத்தம் நவம்பர் 8 ஆம் திகதிதான் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தின் அல்லது தனியார் கல்வி நிலையத்தின் கணினிகளைத் தனியொருவராகப் பார்த்துக்கொள்பவர், அப்படியான வாரங்களில் செய்யக்கூடியவை கீழே உள்ளன.

முதலில், அந்தக் குறைபாடு உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். செய்தித் தலைப்பை நம்பாமல், மென்பொருளை உருவாக்கிய நிறுவனத்தின் அறிவித்தலில் உள்ள சிவிஇ எண்ணையும் (ஒவ்வொரு குறைபாட்டுக்கும் தனித்தனியாக வழங்கப்படும் அடையாள எண்) பாதிக்கப்பட்ட பதிப்புகளையும் வாசித்து, உங்கள் பதிப்பு எண்ணுடன் ஒப்பிடுங்கள். 2021 டிசெம்பரில் லொக்4ஜே என்ற ஜாவா நூலகத்தின் (பிற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்) குறைபாடு வெளிவந்தபோது, ஜாவா நிரல் எதையும் எழுதாத அலுவலகங்களும் சிக்கின. வைஃபை கருவிகளை நிர்வகிக்கும் யுனிஃபை மென்பொருளுக்குள்ளும் அந்த நூலகம் இருந்தது என்பது பலருக்குப் பிறகுதான் தெரிந்தது.

அடுத்ததே முக்கியமான வேலை: குறைபாடுள்ள சேவையை இணையத்திலிருந்து எவரெல்லாம் எட்டமுடியும் என்று கண்டுபிடிப்பது. அலுவலக வைஃபையில் இருந்துகொண்டு இதைச் சோதிக்காதீர்கள். கைத்தொலைபேசியின் டேட்டா இணைப்பில் மடிக்கணினியைப் பொருத்தி, உங்கள் அலுவலகத்தின் பொது ஐபி முகவரியை என்மேப் என்ற சோதனைக் கருவி கொண்டு வெளியிலிருந்து பார்த்தால், றவுட்டரில் எப்போதோ திறந்துவிட்டு மறந்துபோன போர்ட்டுகள் (சேவைகளுக்கான எண்ணிட்ட வாசல்கள்) எல்லாம் வெளிப்படும். நம்மூரில் பெரும்பாலும் அகப்படுவது 3389 ஆம் போர்ட், அதாவது தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டொப். ரொறன்ரோவில் இருக்கும் முதலாளியின் மகனோ கொழும்பில் இருக்கும் கணக்காய்வாளரோ கணக்குகளைப் பார்க்க வேண்டும் என்பதற்காக அது திறக்கப்பட்டிருக்கும். அதை மூடிவிட்டு வயர்கார்ட் போன்றதொரு விபிஎன் (மறைகுறியாக்கிய தனிவழி இணைப்பு) வழியாக அவர்களை உள்ளே வரச் செய்யுங்கள். அவர்கள் முறைப்படுவார்கள், ஆனாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஐபிவி6 (புதிய இணைய முகவரி முறை) இயங்குகிறதா என்றும் பாருங்கள். அதற்குரிய தீச்சுவர் விதிகள் பல கருவிகளில் தனியாக எழுதப்பட வேண்டியவை. அவற்றை விட்டால், படலையைப் பூட்டிவிட்டு வேலியிற் பொட்டை விட்ட கதைதான். குறைபாடு விபிஎன் கருவியிலேயே இருப்பதும் உண்டு. 2024 ஜனவரி 10 ஆம் திகதி இவான்ட்டி நிறுவனத்தின் விபிஎன் கருவிக் குறைபாடுகள் அறிவிக்கப்பட்டபோது, முதற் திருத்தங்கள் வர அந்த மாதத்தின் கடைசி நாளாயிற்று. அப்படியானால் வெளித் தொடர்பையே சில நாட்களுக்கு நிறுத்த வேண்டியிருக்கும்.

இணையத்திலிருந்து மறைக்கமுடியாத சேவையாயின், குறைபாடுள்ள பகுதியை மட்டும் நிறுத்தமுடியுமா என்று பாருங்கள். 2021 ஜூலையில் அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் விண்டோஸ் பிரிண்ட் ஸ்பூலர் சேவையின் குறைபாட்டுக்கு முதலிற் சொல்லப்பட்ட வழி, அந்தச் சேவையை நிறுத்தி முடக்குவதே. பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் டொமைன் கொன்ட்ரோலரிலிருந்து எவரும் அச்சிடத் தேவையில்லை என்பதால் அங்கே இழப்பு எதுவுமில்லை. ஆனால் அச்சுப்பொறிகளைப் பகிரும் சேவையகத்தில் அதை நிறுத்தினால் அலுவலகமே நின்றுவிடும். எனவே எந்தத் தற்காலிக வழிக்கும் என்ன விலை என்பதை அதைச் செய்வதற்கு முன்னரே பொறுப்பாளருக்குச் சொல்லிவிடுங்கள்.

தற்காலிக வழியைச் செய்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. 2022 இல் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்கப்பட்ட முகவரித் தடுப்பு விதியை ஆய்வாளர்கள் விரைவிலேயே சுற்றிக் கடந்து காட்டினார்கள். மைக்ரோசொப்ட் அதை மீண்டும் மீண்டும் மாற்றி எழுத வேண்டியதாயிற்று. லொக்4ஜேக்கு முதலிற் பரிந்துரைக்கப்பட்ட அமைப்பு மாற்றமும் போதாது என்று பின்னர் தெரிந்தது. திருத்தம் வரும்வரை அறிவித்தற் பக்கத்தை ஒவ்வொரு காலையும் திறந்து, மாற்றப்பட்ட திகதியைப் பாருங்கள்.

வெளியிலிருந்து உள்ளே வருவதைத் தடுப்பவர்களிற் பலர், சேவையகம் உள்ளேயிருந்து வெளியே போவதைக் கவனிப்பதில்லை. லொக்4ஜே தாக்குதலில், ஏமாற்றப்பட்ட சேவையகம் தானே வெளியே போய்த் தாக்குபவரின் கணினியைத் தொடர்புகொள்ள வேண்டியிருந்தது. மென்பொருள் புதுப்பித்தல், டிஎன்எஸ் (இணையப் பெயரை முகவரியாக மாற்றும் சேவை), நேர ஒத்திசைவு ஆகியவற்றுக்கு மட்டும் வழிவிட்டு மற்றையவற்றை மறித்திருந்த இடங்களில் அந்தத் தாக்குதலின் வழக்கமான வழி அடைபட்டது. லினக்ஸில் ஐபிடேபிள்ஸ் கொண்டு தீச்சுவர் விதி எழுதுபவர்கள், அதை நிலையாகச் சேமிக்காவிட்டால் மறுதொடக்கத்தில் அது அழிந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். மின்வெட்டில் யுபிஎஸ் ஓய்ந்து, மின்சாரம் வந்ததும் சேவையகம் தானாக எழும்பும்போது, பாதுகாப்பு இல்லாமலே எழும்பும்.

காப்புப் பிரதியொன்றை வலையமைப்பிலிருந்து கழற்றிவைக்கக்கூடிய வன்தட்டில் எடுத்து, ஒரு கோப்பையாவது மீட்டுப் பாருங்கள். 2023 ஓகஸ்டில் லங்கா அரச முகில் சேவை கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வெயாரால் தாக்கப்பட்டபோது, அரச மின்னஞ்சல்களில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையானவை திரும்பக் கிடைக்கவில்லை; இணைப்பிலிருந்த காப்புப் பிரதிகளும் சேர்ந்தே போயிருந்தன. சேவையகத்தில் நடப்பவற்றைக் குறித்துவைக்கும் பதிவுக் கோப்புகளையும் வேறொரு கணினிக்கு உடனுக்குடன் அனுப்புங்கள், ஏனெனில் உள்ளே வந்தவர் முதலில் அழிப்பது அவற்றைத்தான்.

மைக்ரோசொப்டின் மாதாந்தத் திருத்தங்கள் இரண்டாவது செவ்வாய் வெளியாகின்றன. நமது நேரப்படி அது இரவு பத்தரை அல்லது பதினொன்றரை ஆகிவிடுவதால், புதன் காலையை அதற்கென ஒதுக்கிவையுங்கள். திருத்தத்தை நிறுவுவது ஓட்டையை அடைக்குமே தவிர, அதற்கு முன்னரே உள்ளே வந்தவரை வெளியேற்றாது. 2021 மார்ச்சில் எக்ஸ்சேஞ்ச் திருத்தங்களை நிறுவிய பிறகும், தாக்குபவர்கள் தொலைவிலிருந்து கட்டளையிடுவதற்கு விட்டுச்சென்ற வெப் ஷெல் கோப்புகள் பல சேவையகங்களில் இருந்தன. ஆகையால் குறைபாடு வெளியான நாளுக்கு முன்னிருந்தே பதிவுகளைப் பாருங்கள்: தெரியாத நிர்வாகிக் கணக்கு, புதிதாக முளைத்த திட்டமிட்ட பணி, இணையக் கோப்புறையில் இனந்தெரியாத கோப்பு. ஏதாவது அகப்பட்டால் வலையமைப்புக் கம்பியைக் கழற்றுங்கள். நினைவகத்திலுள்ள தடயங்கள் அழிந்துவிடும் என்பதால் கணினியை நிறுத்தாமல், நாட்டின் கணினி அவசரப் பதிலளிப்பு அமைப்பான ஸ்ரீலங்கா சேர்ட்டுக்கு அறிவியுங்கள். ஒன்றும் இல்லையென்று உறுதியானால், தற்காலிக விதிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம். 3389 மட்டும் மூடியபடியே இருக்கட்டும்.