இன்ஸ்பயர் ஸ்காலர்ஷிப்: நம்ம புள்ளைக்குக் கிடைக்குமான்னு பார்க்கறது எப்படி

தங்கச்சி கோபில பி.எஸ்சி பிசிக்ஸ் சேர்ந்தப்போ இதுக்கு நாந்தானுங்க அப்ளை பண்ணிக் குடுத்தேன். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையோட பணம், வருசத்துக்கு 80,000 ரூபா, அதுல 60,000 கைக்கு, மீதி 20,000 கோடை லீவுல பண்ற ஆராய்ச்சி புராஜெக்ட்டுக்கு.

மொதல்ல வயசு, 17ல இருந்து 22க்குள்ள. பிளஸ் டூ முடிச்ச அதே வருசம் காலேஜ் சேர்ந்திருக்கோணும், நடுவுல ஒரு வருசம் நீட் கோச்சிங் போயிருந்தா கிடைக்காது.

அடுத்து மார்க். பொதுவா பிளஸ் டூ போர்டுல முதல் 1 சதவீதத்துக்குள்ள வரோணும். இதை 99 சதவீத மார்க்குன்னு நினைச்சுட்டு நல்லாப் படிக்கற புள்ளைக கூட அப்ளை பண்ணாம உட்டுடறாங்க, அப்படி இல்லவே இல்லீங்க, பரிச்சை எழுதுன நூறு பேருல மொத ஆளா வந்தாப் போதுங்கற கணக்கு அது. கட் ஆஃப் போர்டுக்குப் போர்டு, வருசத்துக்கு வருசம் மாறும்.

மூணாவது கோர்ஸ். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ், பாட்டனி, ஜுவாலஜி, ஜியாலஜி மாதிரி 18 அடிப்படை அறிவியல் பாடம் மட்டுந்தான். கோயமுத்தூர் வேளாண் பல்கலைல பி.எஸ்சி அக்ரி படிக்கறவங்களுக்கு இல்ல, இன்ஜினியரிங்குக்கும் இல்ல.

இப்ப நாங்க மாட்டுன இடம். காலேஜ்ல எண்டார்ஸ்மென்ட் சர்ட்டிபிகேட் வாங்கோணும், அதாவது புள்ளை அங்க இந்தக் கோர்ஸ் படிக்குதுன்னு இன்ஸ்பயருக்குன்னே இருக்கற ஃபார்மட்டுல முதல்வர் கையெழுத்துப் போட்டுக் குடுக்கற சான்று. ஆபீஸ்ல கேட்டதுக்கு "எல்லாம் ஒண்ணுதாம்மா"ன்னு போனஃபைடு (இங்க படிக்கறாங்கன்னு பொதுவாக் குடுக்கற சான்று) அடிச்சுக் குடுத்துட்டாங்க, தங்கச்சியும் அதையே அப்லோடு பண்ணிட்டா, அப்பறம் அது செல்லாதுன்னு வந்துருச்சு. அப்ளை பண்ற இன்ஸ்பயர் போர்டல்ல இருக்கற ஃபார்மட்டையே பிரிண்ட் எடுத்துட்டுப் போங்க. கோர்ஸ் பேரோட பாடத்து பேரும் இருக்குதா, முதல்வர் கையெழுத்து மேல ஊதா சீல் அப்பிப் போய் எழுத்து மறைஞ்சிருக்குதான்னு கவுண்டர்லயே நின்னு பாருங்க. எங்களுக்கு ரெண்டாவது தடவ அப்படித்தான் ஆச்சு, மறுபடி ஒரு நாள் அலைஞ்சோம்.

பிரவுசிங் சென்டர் வேண்டாங்க, பாஸ்வேர்டு அவங்க கைல இருக்கும், ஓடிபி வர்றப்ப கடை பூட்டியிருக்கும். லேப்டாப்ல நீங்களே போடுங்க. ஸ்கேனுக்கு போன்ல அடோப் ஸ்கேன் ஆப் போதும், வாட்ஸ்அப்புல அனுப்புன போட்டோ மங்கலாயிரும்.

பின்னாடி சேர்த்தது: திருப்பூர்ல இருந்து ஒரு அக்கா பி.எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு உண்டான்னு கேட்டிருந்தாங்க, இல்லீங்க்கா, பயோடெக்கும் இல்ல. அஞ்சு வருச இன்டகிரேட்டட் எம்.எஸ்சிக்கு உண்டு, மேல சொன்ன பாடமா இருந்தா. பேங்க் அக்கவுண்ட் அப்பா பேருல குடுக்காதீங்க, புள்ளை பேருலயே இருக்கோணும்.