ஜிம்மி ஈட் வேர்ல்டின் ஆரம்பகாலப் பதிவுகள்: கேட்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஜிம்மி ஈட் வேர்ல்ட் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் முதல் தவறு அங்கேயே நடந்துவிடும். அதே பெயரைத் தலைப்பாகக் கொண்ட வெளியீடுகள் மூன்று உண்டு. 1994-இல் வுடன் ப்ளூ என்ற சிறிய நிறுவனம் வெளியிட்ட முதல் ஆல்பம் ஒன்று. 1998-இல் ஃபியூயல்ட் பை ராமென் என்ற நிறுவனம் கொண்டுவந்த ஐந்து பாட்டு இ.பி. (ஆல்பத்தைவிடச் சிறிய வெளியீடு) இன்னொன்று. மூன்றாவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 2001-இல் வந்த 'ப்ளீட் அமெரிக்கன்' ஆல்பத்தின் தலைப்பை, செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு மாற்றி, குழுவின் பெயரையே வைத்தார்கள். 2008 மறுவெளியீட்டில்தான் பழைய தலைப்பு திரும்பியது. பழைய சிடி வாங்கும்போது பாட்டுப் பட்டியலைப் பாருங்கள். 'தி மிடில்' இருந்தால் அது 2001 ஆல்பம்.

சரி, 1994 ஆல்பமே கைக்குக் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பிற்காலத்தில் குழுவின் முதன்மைப் பாடகரான ஜிம் அட்கின்ஸின் குரலை எதிர்பார்த்துக் கேட்பவர்கள், யாரோ வேறு குழுவின் பாட்டு என்று இருபது நொடியில் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு மனசு வலிக்கும் இடம் இது. அப்போது பெரும்பாலும் பாடியவர் குழுவின் கிட்டார் கலைஞர் டாம் லின்டன். அரிசோனாவின் மெசா நகரத்து இளைஞர்கள் வேகமாக வாசித்த பங்க் அது, அதாவது முரட்டுத்தனமான ராக் இசை. பிற்கால மெல்லிசையை அதில் தேடக் கூடாது. டாமின் கரகரத்த குரலைப் பிடித்துக்கொண்டு அடுத்தடுத்த ஆல்பங்களுக்குப் போய்ப் பாருங்கள். 1996-இல் கேப்பிடல் என்ற பெரிய நிறுவனம் வெளியிட்ட 'ஸ்டாட்டிக் ப்ரிவெய்ல்ஸ்' ஆல்பத்தில் இருவரும் பங்கு போட்டுப் பாடுகிறார்கள். 1999-இன் 'கிளாரிட்டி'க்கு வரும்போது, டாம் முன்னின்று பாடுவது 'ப்ளிஸ்டர்' ஒன்றுதான். ஒரு குழு தன் குரலை மாற்றிக்கொண்ட கதை முழுசாகக் காதில் விழும். 'ஸ்டாட்டிக் ப்ரிவெய்ல்ஸ்'தான் முதல் ஆல்பம் என்று நினைத்து அங்கே தொடங்குபவர்களுக்கு இதில் பாதி கிடைக்காது.

'சிங்கிள்ஸ்' என்ற 2000-ஆம் ஆண்டுத் தொகுப்பை ஹிட் பாடல்கள் என்று நினைக்க வேண்டாம். வேறு குழுக்களோடு ஆளுக்கொரு பக்கம் பகிர்ந்துகொண்ட ஏழு அங்குல இசைத்தட்டுகள் போன்றவற்றில் சிதறிக்கிடந்த பாட்டுகள் அதில் இருக்கின்றன. அந்தத் தட்டுகளே கிடைத்தால் நிமிடத்துக்குச் சுற்ற வேண்டிய வேகம் 33-ஆ 45-ஆ என்று பார்த்துவிட்டு ஊசியை வையுங்கள்.

அப்புறம், 1998 இ.பி.யை 'கிளாரிட்டி'யில் இருக்கும் பாட்டுகள்தானே என்று தள்ளாதீர்கள். அதிலிருந்த 'லக்கி டென்வர் மின்ட்' லாஸ் ஏஞ்சலிஸின் கேராக் வானொலியில் ஒலித்த பிறகுதான், கிடப்பில் இருந்த 'கிளாரிட்டி'யை கேப்பிடல் வெளியே கொண்டுவந்தது.